படகுக் காட்சி

கப்பலில் மூட்டை ஏற்றி இறக்க ஆள் அனுப்பும் கண்டிராக்டர் அய்யாக்கண்ணுவுக்கு ஜார்ஜ் டவுனில் இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, பினாங்கு தெருவில் முன்னால் ஆபீசும் நடுவில் வீடும் பின்னால் கிட்டங்கியுமாக நீண்டு கிடந்த அவருடைய கட்டடம். இன்னொன்று, அந்தக் கிட்டங்கியில் அரிசி மூட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு நடந்துவந்த வேலாண்டி விலாச நாடக சபா. வேலாண்டி என்பது அவருடைய அப்பாவின் பெயர்.

சபாவில் வேஷம் கட்டியவர்கள் பெரும்பாலும் அவரிடமே மூட்டை தூக்குகிறவர்கள். பகலெல்லாம் துறைமுகத்தில் முதுகு வளைந்தவர்கள் சாயங்காலம் குளித்து, தலை சீவி, கிட்டங்கிக்குள் வந்ததும் நிமிர்ந்து நிற்பார்கள். படுதா சென்னையிலிருந்து வந்தது. காஸ் விளக்கு, கிரீடம், ஜரிகைத் துணி எல்லாம் அய்யாக்கண்ணு வாங்கிப் போட்டவை. துணிகளை வெட்டித் தைத்து வேஷமாக்குவது அவருடைய தங்கை வடிவம்மாளின் வேலை.

வடிவம்மாள் விதவை. அண்ணி காலமான பிறகு அண்ணன் வீட்டை அவள்தான் நடத்திவந்தாள். அரிசி உப்பு முதல் வேலைக்காரர்களின் சாப்பாடு வரை அவள் சொன்னதுதான் நடக்கும். ஆனால் அந்த வீட்டில் தன்னுடையது என்று எதையும் அவள் நினைத்ததில்லை. அண்ணன் சோறு போடுகிறார், தான் சமைத்துப் போடுகிறோம் என்பதோடு அவள் கணக்கு நின்றுவிடும்.

சபா ஆரம்பித்த நாளிலிருந்து அவளுக்கு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. அண்ணனுக்குச் சபாக்காரர்களிடம் நேரில் பேச வராது. முதலாளி கூலியோடு உட்கார்ந்து பாட்டைப் பற்றியா பேசுவது? சபாக்காரர்களுக்கும் அவரிடம் போய் நிற்கக் கூச்சம். அதனால் இரண்டு பக்கத்துப் பேச்சும் வடிவம்மாளின் அடுப்படி வழியாகத்தான் போகும். "அந்தப் பயலுகளுக்கு நேரங்காலமே தெரியலைன்னு சொல்லி வை" என்று அண்ணன் உறுமினால், அவள் கிட்டங்கிக்குப் போய், "அண்ணனுக்குத் தலைவலி தம்பி, இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக்குங்க" என்பாள். "ஓசி விளக்குன்னா இப்படித்தான் கண்ணைக் கெடுக்கும்" என்று அவர்கள் முனகினால், "புது விளக்கு போட்டா மொதலாளி பேரு இன்னும் வெளிச்சமாத் தெரியும்னு சொல்றாங்கண்ணே" என்று இங்கே வந்து சொல்வாள். இப்படியே சண்டை எழும்பாமல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் அவளை நல்லவள் என்றார்கள். தான் சொல்வதில் பாதி பொய் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வருஷம் சித்திரைப் பிறப்புக்குப் புராணக் கதை வேண்டாம், நம் கதையைப் போடலாம் என்று சபாக்காரர்கள் முடிவு செய்தார்கள். எழுதியவன் அர்ஜுனன். துறைமுகத்தில் அய்யாக்கண்ணுவின் ஆட்களில் ஒருவன்தான். முப்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டான், கேட்டுக்கொண்டே இருப்பான். ஊரிலிருந்து கப்பலேறி வந்து தோட்டத்தில் சேர்கிற கண்ணாத்தா என்ற பெண்ணின் கதை அது. அவன் அதை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு மத்தியானம், துணி அளவு கொடுக்க வந்து உட்கார்ந்தவன், "அக்கா, நீங்க எந்தக் கப்பல்ல வந்தீங்க?" என்று கேட்டான்.

யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. அவள் ஊசியைக் கீழே வைக்காமலே சொல்ல ஆரம்பித்தாள்.

அப்போது அய்யாக்கண்ணு கண்டிராக்டர் ஆகவில்லை, நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் கங்காணி. ஆள் சேர்க்க ஊருக்கு வந்தவர் தங்கையையும் தங்கை புருஷனையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு வந்தார். கப்பலில் வாந்திபேதி கண்டுவிட்டது. எல்லோரையும் பினாங்கை ஒட்டிய ஜெரஜா தீவில் இறக்கிக் கொட்டகைகளில் அடைத்தார்கள். நோய் இல்லை என்று டாக்டர் சொல்லும்வரை அங்கேதான் கிடக்க வேண்டும். வெளியே விடும் நாள் வந்தபோது அவளுடைய புருஷனுக்கு மட்டும் வயிற்றால் போக ஆரம்பித்தது. "நீ படகில் ஏறு, மாப்பிள்ளை அடுத்த படகில் வருவார்" என்றார் அண்ணன். அவள் மாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்துப் போய் ஏற்றினார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் புருஷன் எழுந்து நின்று ஏதோ சொன்னார். படகுச் சத்தத்தில் என்னவென்று கேட்கவில்லை. அடுத்த படகில் அவர் வரவில்லை. எந்தப் படகிலும் வரவில்லை.

"இதை எழுதட்டுமாக்கா?" என்று அர்ஜுனன் கேட்டான்.

அவள் ஆமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அவன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு எழுந்து போனான். அது சம்மதம்தான் என்று அவளுக்கும் தெரியும்.

*

நாடகத்தில் ஒரு கங்காணி வருகிறான், பெண்டாட்டியையும் புருஷனையும் பிரிக்கிறான் என்ற செய்தி கடைத்தெருவில் அடிபட்டு அய்யாக்கண்ணுவின் காதுக்கு வர அதிக நாளாகவில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசையாமல் தங்கையைப் பார்த்தார்.

"வடிவு, அந்தக் காட்சி வேண்டாம்னு சொல்லிடு."

"எந்தக் காட்சிண்ணே?"

"தீவுக் காட்சி. தொறைமார வரச்சொல்லியிருக்கேன். மத்த கண்டிராக்டருங்க எல்லாம் முன் வரிசையில உக்காந்திருப்பாங்க. அப்பா பேருல நடக்குற சபாவுல என்னையே காறித் துப்புறதுக்கா நான் படுதா வாங்கிக் குடுத்தேன்?"

"அது ஒங்களைச் சொல்லலியேண்ணே. கங்காணின்னா ஊருல எத்தனையோ பேரு."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த அர்ஜுனன் எந்தக் கப்பல்ல வந்தான்? நம்ம கப்பல் இல்லியே. அவனுக்கு யாரு சொன்னது?" என்றார்.

வடிவம்மாள் ரசத்தை ஊற்றினாள். இலைக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது.

அன்று சாயங்காலம் கிட்டங்கிக்குப் போனாள். ஹார்மோனியத்தின் முன்னால் ஹென்றி உட்கார்ந்திருந்தார். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சபாவில் மூட்டை தூக்காத ஒரே ஆள் அவர்தான். கங்காணி வேஷக்காரன் திருநாவுக்கரசு நடை பழகிக்கொண்டிருந்தான். இடது காலைக் கொஞ்சம் இழுத்து, வேட்டி நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் தொண்டையைச் செருமினான். அசல் அண்ணன்.

"தம்பி, அந்தத் தீவுக் காட்சியைக் கொஞ்சம்..." என்று இழுத்தாள்.

அர்ஜுனன் முடிக்கவிடவில்லை. "மொதலாளி சொல்லச் சொன்னாரா?"

"மரியாதைப்பட்டவங்க வராங்கன்னு யோசிக்கிறாரு."

"அக்கா, பகல்ல அவரு காட்டுற மூட்டையத் தூக்குறோம். ஏன்னு ஒருத்தன் கேட்டிருப்பானா? சாயங்காலமும் அவரு காட்டுறதையே தூக்கணும்னா எங்களுக்கு எதுக்கு சபா?"

"சரியாக் கேட்டே!" என்றான் திருநாவுக்கரசு. மற்றவர்கள் முகத்திலும் அதுதான் இருந்தது.

ஹென்றி மட்டும் அவளைப் பார்த்து மெதுவாக, "அக்கா, அந்தக் காட்சிய எடுத்துட்டா மீதி நாடகம் சும்மா பாட்டுக் கச்சேரிதான்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், கிட்டங்கிக்கும் அடுப்படிக்கும் நடுவிலிருந்த முற்றத்தில் அவள் நின்றுவிட்டாள். இந்தப் பக்கம் போனால் அண்ணன். அந்தப் பக்கம் போனால் இவர்கள். காட்சி வேண்டாமென்று மனதாரச் சொல்ல அவளால் முடியாது. அது மேடையில் நடந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தது. அந்த ஆசை அவளையே பயமுறுத்தியது. வேண்டும் என்று சொல்லவும் முடியாது. சொன்னால், யார் சொன்னது என்ற கேள்வி அவள் காலடியில் வந்து நிற்கும். அண்ணன் வீட்டை விட்டால் பினாங்கில் அவளுக்கு வேறு வாசல் கிடையாது. ஊரிலும் யாரும் இல்லை.

அண்ணன் கேட்டபோது, "எடுத்துட்டாங்கண்ணே" என்றாள். சபாக்காரர்களிடம், "அண்ணன் யோசிக்கிறாரு, நடையை மட்டும் மாத்திக்கச் சொல்றாரு" என்றாள். இதுவரை சொன்ன பொய்கள் எல்லாம் சண்டையைத் தள்ளிப்போட்டன. இதையும் அப்படித்தான் சொன்னாள். ஆனால் இந்தத் தடவை தள்ளிப்போட இடமில்லை, சித்திரை நெருங்கிக்கொண்டிருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழு வேஷத்தோடு ஒத்திகை. அந்த நேரத்தில் அய்யாக்கண்ணு கிட்டங்கிப் பக்கம் வருகிற வழக்கமே இல்லை. அன்றைக்கு வந்தார். கூட இன்னொரு கண்டிராக்டரையும் கூட்டிவந்தார், படுதாவைக் காட்ட.

மேடையில் படகுக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாத்தா வேஷம் போட்டவன் வடிவம்மாளின் பழைய சேலையைக் கட்டியிருந்தான். திருநாவுக்கரசு தொண்டையைச் செருமி, காலை இழுத்து வந்து, அவன் கையைப் பற்றி இழுத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். சத்தம் வரவில்லை. ஹென்றி ஹார்மோனியத்தை நிறுத்தியிருந்தார்.

கூட வந்த கண்டிராக்டர் சிரித்துவிட்டார். "அட, இது ஒங்க நடைதானே!"

அய்யாக்கண்ணு வந்தவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பினார். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். சத்தம் போடவில்லை என்பதால் எல்லோரும் பயந்து வெளியேறினார்கள். கதவை இழுத்துச் சாத்தி, பெரிய பூட்டாகப் போட்டார். படுதா, வேஷம், ஹார்மோனியம் எல்லாம் உள்ளே. முற்றத்தில் நின்ற தங்கையின் கையைப் பிடித்துச் சாவியை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"எடுத்துட்டாங்கன்னு சொன்னே."

அவள் தலை குனிந்தாள்.

"ஒன்னை ஏமாத்திட்டானுங்க. நீ வெகுளி. சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும். காட்சிய எடுத்துட்டோம்னு அவனுங்க ஒங்கிட்ட வந்து சொல்ற அன்னிக்கு நீயே தொற. அதுவரைக்கும் தொறக்கக் கூடாது."

ஏமாற்றியது அவர்கள் அல்ல, நான்தான் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் உள்ளே போய்விட்டார்.

அன்று முதல் அந்தச் சாவி அவள் முந்தானையில் முடிந்து தொங்கியது. குனிந்தால் முழங்காலில் இடிக்கும். நடந்தால் கூடவே ஆடும். கடைத்தெருவுக்குப் போனால் மூட்டைக்காரர்களின் பெண்டாட்டிமார்கள் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முந்தானையைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலைப் பெரட்டில் அர்ஜுனனின் பெயரைக் கூப்பிடவில்லை. துறைமுக வாசலில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதைத்தான் பெரட்டு என்பார்கள். பெயர் கூப்பிடாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. அடுத்த நாளும் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாள் திருநாவுக்கரசு வரிசையை விட்டு விலகி நின்றான். அவனைப் பார்த்துச் சபாக்காரர்கள் எல்லோரும் விலகி நின்றார்கள். சபாவுக்கும் நாடகத்துக்கும் சம்பந்தமில்லாத சிலரும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். அரிசிக் கப்பல் ஒன்று இறக்க ஆளில்லாமல் கிடந்தது. கப்பல் கம்பெனித் துரையின் ஆபீசிலிருந்து அய்யாக்கண்ணுவுக்கு ஆள்மேல் ஆள் வந்தது.

வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. "ஒரு காட்சிக்காகவா? ஒரு காட்சிக்காகவா வடிவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அதே கேள்விக்கு வருவார். "நம்ம கப்பல்ல வந்தவன் எவனோ ஒருத்தன் அவனுக்கு ஓதியிருக்கான். எவன்னு தெரிஞ்சா போதும்." தோட்டத்தில் தன்னோடு இருந்த பழைய ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சந்தேகப்படுவார். அவர் சந்தேகப்படாத பெயர் ஒன்றே ஒன்றுதான்.

ஹென்றி வாத்தியார் ஒரு மத்தியானம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்த ஹார்மோனியம் என்னுது இல்ல, கோயிலுது. பாதர்கிட்ட ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். ஈஸ்டர் வருது. பெட்டி இல்லாம பிள்ளைங்க எப்படிப் பாடும்?"

"நான் தொறக்கக் கூடாது வாத்தியாரே."

"தெரியும். அதான் கேக்கவே கூச்சமா இருக்கு." அவர் போகவில்லை. தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னவங்களைக் காட்டிக் கொடுக்கச் சொல்லி ஒங்க அண்ணன் அர்ஜுனன்கிட்ட ஆள் அனுப்பிச்சாரு. யாரு சொன்னதுன்னு சொல்லிட்டா நாளைக்கே பேரு கூப்பிடுறாராம். அவன் கற்பனைன்னு சொல்லிட்டான். எங்க யாருகிட்டயும்கூட அவன் சொன்னதில்லை. ஆனா கண்ணாத்தா சேலை கட்டி நிக்கும்போது நீங்க பாக்குறதைப் பாத்தவங்களுக்குத் தெரியாதாக்கா?"

அவர் போன பிறகு வடிவம்மாள் அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒருவன்கூட வாய் திறக்காமல் வேலையை விட்டு நிற்கிறார்கள். அவளைக் காப்பாற்றுவதற்காக என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காப்பாற்றல் நாளுக்கு நாள் அவள் கழுத்தை நெரித்தது. அண்ணனிடம் சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் அர்ஜுனன் பிழைப்பு போகும். சாவியைக் கொடுத்துவிட்டுக் கண்காணாமல் போய்விடலாம் என்றால், போவதற்குப் படகு வேண்டும். படகை நினைத்ததும் கம்பி வேலி வந்து நின்றது. அன்றைக்கும் இப்படித்தான். யாரோ இழுத்தார்கள், அவள் ஏறினாள். உண்மையில் அண்ணன் இழுத்த இழுப்பில் எத்தனை, தானாக ஏறியது எத்தனை என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. நோய்க்குப் பயந்து தானும்தான் கால் வைத்தோமோ என்னவோ. அர்ஜுனனிடம் அதைச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்ல முடியாது.

வெகுநேரம் கழித்து எழுந்தாள். முகம் கழுவினாள். தெருமுனைத் தண்ணீர்க்குழாய்க்குப் போன ஒரு பெண்ணிடம், அர்ஜுனனையும் திருநாவுக்கரசையும் கிட்டங்கிக்கு வரச் சொல்லி அனுப்பினாள். அவர்கள் வந்ததும் ஆபீசுக்குப் போய், "அண்ணே, அவங்க வந்திருக்காங்க. ஒங்ககிட்ட நேரா பேசணும்" என்றாள்.

"எடுத்துடறோம்னு சொல்லவா?"

"எனக்குத் தெரியாது. இனிமே நான் எதையும் சொல்லப் போறதில்ல. நீங்களே கேளுங்க."

அவர் அவளை விநோதமாகப் பார்த்தார். ஆனால் எழுந்து வந்தார்.

*

அவள் பூட்டைத் திறந்தாள். கிட்டங்கிக்குள் அரிசி வாடையும் பூசணம் பிடித்த துணி வாடையும் அடித்தன. அர்ஜுனன் மேடை ஓரத்தில் நின்றான். திருநாவுக்கரசு கைகட்டி நின்றான். அய்யாக்கண்ணு ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். செருமியதும் திருநாவுக்கரசு தரையைப் பார்த்துக்கொண்டான்.

"யாரு சொன்னது?" அதுதான் அவருடைய முதல் கேள்வி.

"கற்பனைங்க" என்றான் அர்ஜுனன்.

"நான்தான் சொன்னேன்" என்றாள் வடிவம்மாள்.

அய்யாக்கண்ணு திரும்பவே இல்லை. காதில் விழவில்லையோ என்று நினைத்து அவள் மறுபடி சொன்னாள். "நான்தாண்ணே. தச்சுக்கிட்டு இருக்கும்போது சொன்னேன். எழுதட்டுமான்னு இந்தத் தம்பி கேட்டுது. பேசாம இருந்தேன். எடுத்துட்டாங்கன்னு ஒங்ககிட்ட சொன்னதும் பொய். நீங்க யோசிக்கிறீங்கன்னு இவங்ககிட்ட சொன்னதும் பொய். இவங்க யாரும் ஒங்களை ஏமாத்தலை."

கூரைத் தகரத்தில் காக்கை நடக்கும் சத்தம் கேட்டது.

"நான் ஒனக்கு என்ன கொற வெச்சேன்?" என்றார் அவர்.

"ஒரு கொறையும் இல்ல."

"அப்பறம்?"

"இத்தனை வருஷத்துல அவரைப் பத்தி ஒரு வார்த்தை நீங்க பேசினதில்ல. நானும் பேசக் கூடாதுன்னு ஆயிடுச்சு. சோறு போட்டீங்க. நான் மென்னு முழுங்கிட்டே இருந்தேன்."

அய்யாக்கண்ணு இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். தோட்டத்துக் கங்காணியாக இருந்தபோது வெயிலில் அப்படித்தான் உட்காருவார் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"நோய் கண்ட ஒருத்தர் கூட்டத்துல இருந்தா எல்லாரையும் நிறுத்திடுவேன்னான் டாக்டர். எங்கூட வந்தவங்க அத்தனை பேரும். பொம்பளைங்க, புள்ளைங்க. நீ அங்கேயே இருந்திருந்தா நீயும் போயிருப்பே. மறுநாளே நான் திரும்பிப் போனேன், வடிவு. சம்பான் படகுக்காரன் கையில கால்ல விழுந்து போனேன். மணலைக் காட்டினாங்க. எந்த எடம்னுகூடத் தெரியலை. கொத்திப்போட்ட மண்ணு நெறைய இருந்துச்சு."

"போனீங்களா?" அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலை. நீ கேக்காத வரைக்கும் பரவாயில்லைன்னு இருந்தேன்."

அர்ஜுனன் மேடையில் சாத்தியிருந்த மூங்கில் வேலியைத் தொட்டுக்கொண்டு நின்றான். பிறகு அய்யாக்கண்ணு அவன் பக்கம் திரும்பினார். முதல் தடவையாக நடுவில் ஆளில்லாமல் பேசினார்.

"தம்பி, அதையும் போடு. மறுநாள் கங்காணி திரும்பிப் போறான்னு போடு. அப்ப காட்சி இருக்கட்டும்."

அர்ஜுனன் யோசித்தான். நியாயமாகத்தான் இருக்கிறது என்று அவன் முகம் சொன்னது. திருநாவுக்கரசுகூடத் தலையாட்டினான். அந்த ஒரு வார்த்தையோடு எல்லாம் முடிந்துவிடும். ஆட்கள் நாளைக்கு வேலைக்குப் போவார்கள், கப்பல் இறங்கும், ஹார்மோனியம் கோயிலுக்குப் போகும். மூன்று பேரும் வடிவம்மாளைப் பார்த்தார்கள். அவளும் எப்போதும் போல, ஆகட்டும் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தார்கள்.

"வேண்டாம்" என்றாள் அவள்.

"ஏன்?" என்றார் அண்ணன்.

"படகுல ஏறினவளுக்கு அது தெரியாதுண்ணே. இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. கண்ணாத்தாவுக்கு மட்டும் எதுக்குத் தெரியணும்?"

அவர் முகம் சுருங்கியது. கோபப்படப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் எழுந்து மேடைக்கருகில் போய்ச் சென்னைப் படுதாவின் ஓரத்தைக் கையில் எடுத்து, திரும்ப விட்டார்.

"என் நடை வேண்டாம்" என்றார் கடைசியில். "செருமலும் வேண்டாம். அது எனக்குப் போதும்."

"மாத்திக்கிறேன் மொதலாளி" என்றான் திருநாவுக்கரசு. அவன் குரலில் அசட்டுத்தனம் இருந்தது. "அது சும்மா விளையாட்டாத்தான் வந்துச்சு."

"நாளைக்குப் பேரு கூப்பிடச் சொல்றேன். நின்ன நாளைக்கு ஒருத்தனையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா அப்பா பேரு இந்தச் சபாவுக்கு வேண்டாம். வேற பேரு வெச்சுக்குங்க. எடம் இருக்கட்டும், சாமான் இருக்கட்டும்."

"சரிங்க" என்றான் அர்ஜுனன். இன்னும் ஏதோ சொல்ல வந்தவன் போல நின்று, "பாட்டை முன்னாடியே ஒங்களுக்குப் படிச்சுக் காட்டியிருக்கணும். அக்காவ நடுவுல நிறுத்தினது எங்க தப்புங்க" என்றான்.

"எந் தப்புந்தான்" என்றார் அய்யாக்கண்ணு. தங்கையைப் பார்க்காமலேதான் சொன்னார்.

*

சித்திரை ஒன்றாம் தேதி, மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போக வேண்டும் என்பதால், வெயில் தாழ்ந்ததுமே நாடகம் தொடங்கியது. பெண்களுக்குத் தனியாகக் கட்டியிருந்த மறைப்புக்குள் வடிவம்மாள் உட்கார்ந்தாள். அவள் எப்போதும் மேடைக்குப் பின்னால்தான் நிற்பாள், ஊக்கும் ஊசியுமாக. முன்னாலிருந்து நாடகம் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முன் வரிசையில் துரையும் கண்டிராக்டர்களும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனின் நாற்காலி காலியாக இருந்தது.

படகுக் காட்சி வந்தபோது திருநாவுக்கரசு நேராக நடந்து வந்தான். காலை இழுக்கவில்லை, செருமவில்லை. அதனால் அவன் யாராகவும் இல்லாமல், யாராகவும் இருக்கக்கூடிய ஒரு கங்காணியாக இருந்தான். கண்ணாத்தா படகில் ஏறினாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவன் வாயைத் திறந்தான். வடிவம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, "என் மவனும் அங்கதான் போனான்" என்றாள், யாருக்கென்றில்லாமல். பின்னாலிருந்து இன்னொருத்தி விசும்பினாள். தனக்கு மட்டும் நடந்தது என்று இத்தனை வருஷம் வடிவம்மாள் பொத்தி வைத்திருந்தது, அந்த மறைப்புக்குள் பாதிப் பேருடைய மடியில் கிடந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. மூச்சு மட்டும் கொஞ்சம் ஆழமாக இறங்கியது.

நாடகம் முடிந்து வெளியே வந்தபோது அய்யாக்கண்ணு சர்பத் கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். பார்த்தாரா, கேட்டுக்கொண்டு மட்டும் நின்றாரா என்று அவள் கேட்கவில்லை. இரண்டு பேரும் முன்னும் பின்னுமாக வீட்டுக்கு நடந்தார்கள்.

அதற்குப் பிறகு சபாக்காரர்கள் நேராக ஆபீசுக்கே போகப் பழகிவிட்டார்கள். அர்ஜுனன் அடுத்த நாடகத்தின் பாட்டுகளை முதலாளிக்குப் படித்துக் காட்டுவான். அவர் இது நன்றாக இல்லை என்பார், அவன் இருக்கட்டும் என்பான். சில நாள் இரண்டு பேரும் உரக்கக் கத்துவது அடுப்படி வரை கேட்கும். சிரிப்பதும் கேட்கும். அடுப்படி வழியாக மட்டும் யாரும் வருவதில்லை. தன்னை ஒதுக்கிவிட்டார்களோ என்று முதலில் வடிவம்மாளுக்கு வலித்தது. பிறகு, காலையில் கண் விழிக்கும்போது யாரிடம் எதை எப்படிச் சொல்வது என்ற எண்ணம் வராமல் இருப்பதைக் கவனித்தாள்.

அண்ணன் அவளிடம் முன்போலப் பேசவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "இந்த வீட்டுல ஒனக்கு இருக்கப் பிடிக்கலைன்னா சொல்லு. வேற ஏற்பாடு பண்றேன்" என்றார்.

அவள் யோசித்துப் பார்த்தாள். போவதற்கு இடம் ஒன்றும் தோன்றவில்லை. இருப்பதற்கும் ஆசை என்று சொல்ல முடியவில்லை. "இருக்கேண்ணே" என்றாள். "ஆனா ஒரு தடவை அந்தத் தீவுக்குப் போகணும்."

"விட மாட்டாங்களே. நோய்க்காரங்களை வெச்சிருக்கற எடம்."

"தொறைகிட்ட கேளுங்க."

அவர் கேட்டார். கப்பல்கள் வந்துகொண்டிருப்பதால் இப்போது முடியாது, பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. மழைக்காலம் முடிந்து அவள் மறுபடி கேட்கச் சொன்னாள். அவர் மறுபடி கேட்டார். அதே பதில் வந்தது. அதைச் சொல்ல ஆபீசிலிருந்து அவரே எழுந்து அடுப்படி வரை வந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த மாசம் திரும்பவும் கேக்கறேன்" என்றார்.

"கேளுங்க" என்றாள் வடிவம்மாள்.